எண்ணோடு நின்றுபோன சீர்திருத்தம்: இந்தியச் சிறார் நீதிமுறை குறித்து ஒரு பரிசீலனை

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆயுள் கைதியை விடுதலை செய்தது. 1994இல் டேராடூனில் நடந்த கொலை வழக்கு ஒன்றில் அவருக்கு முதலில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் குடியரசுத் தலைவர் அதை ஆயுளாகக் குறைத்தார். சம்பவம் நடந்தபோது தான் சிறுவன் என்று விசாரணை நீதிமன்றத்திலேயே அவர் சொல்லிப் பார்த்தார். வங்கிக் கணக்கு வைத்திருந்ததைச் சுட்டிக்காட்டி, அவர் வயதுவந்தவர்தான் என்று நீதிமன்றம் முடிவுகட்டியது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் சிறையில் கழிந்த பின்னரே, சம்பவ நாளில் அவருக்கு வயது 14 என்பதை நீதிபதிகள் எம்.எம். சுந்தரேஷ், அரவிந்த் குமார் அமர்வு ஏற்றது. இதற்கு முன்பு 2023 மார்ச்சில் வெளியே வந்த இன்னொருவரின் கதையும் இதேதான். அதுவும் 1994இல் நடந்த கொலை, அதுவும் தூக்குத் தண்டனை. அவர் சிறையில் இருந்தது 28 ஆண்டுகள். புனேயில் அந்தக் குற்றம் நடந்தபோது அவருக்கு 12 வயது 6 மாதம்.

இந்த இருவரையும் கைவிட்டது சட்டத்தின் வாசகம் அன்று. 1994இல் அமலில் இருந்த 1986ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே, 16 வயது நிறையாத ஆண்பிள்ளைக்கு மரண தண்டனையோ சிறைத் தண்டனையோ விதிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. வயதை யார், எப்போது, எதைக் கொண்டு தீர்மானிப்பது என்ற நடைமுறைதான் பொய்த்துப்போனது. இந்தியாவின் சிறார் நீதிமுறை பற்றிய பொது விவாதத்தில் இந்த வேறுபாடு தொடர்ந்து காணாமல் போகிறது. 1986, 2000, 2015 என மூன்று முறை சட்டம் புதிதாக எழுதப்பட்டது. இடையிடையே திருத்தங்களும் வந்தன. ஒவ்வொரு முறையும் நாடு சண்டையிட்டது ஓர் எண்ணைப் பற்றித்தான்: 16ஆ, 18ஆ? காவல் நிலையத்தின் முதல் 24 மணி நேரம், வயதுச் சான்று, வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் காலியிடங்கள், சிறார் இல்லத்தின் பூட்டிய கதவு ஆகியவை அந்தச் சண்டையில் இடம்பெறவே இல்லை. சீர்திருத்தம் இனிப் போக வேண்டிய இடம் அதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னை மாகாணத்தில் எழுந்த தொடக்கம்

குற்றம் செய்த குழந்தையைப் பெரியவர்களோடு சேர்த்து நடத்தக் கூடாது என்ற எண்ணம் இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. 1850ஆம் ஆண்டின் தொழிற்பயிலுநர் சட்டம், தவறு செய்த 10 முதல் 18 வயதினரைச் சிறைக்கு அனுப்பாமல் தொழில் கற்க அனுப்ப வழிசெய்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 7 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் செயல் குற்றமே ஆகாது என்றது. 7 முதல் 12 வயது வரை, தான் செய்வதன் தன்மையை உணரும் முதிர்ச்சி இல்லாவிட்டால் குற்றமில்லை என்றும் சொன்னது. 1876இலும் 1897இலும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் வந்தன.

குழந்தைகளுக்கென்றே முழுச் சட்டம் வேண்டும் என்று 1919-20ஆம் ஆண்டின் இந்தியச் சிறைக் குழு பரிந்துரைத்தபோது, அதை முதலில் நிறைவேற்றியது சென்னை மாகாணம். 1920இல் சென்னைக் குழந்தைகள் சட்டம் பிறந்தது. 1922இல் வங்காளமும் 1924இல் பம்பாயும் பின்தொடர்ந்தன. சிறுபிராயம் கடந்தும் முழு ஆளாகாத இளைஞர்களுக்காக 1925ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிச் சட்டமும் இங்கேதான் வந்தது. 18 வயதான மறுநாளே ஒருவர் முற்றிலும் வேறு மனிதராகிவிடுவதில்லை என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே இந்த மாகாணத்தின் சட்டம் கண்டுகொண்டிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1960இல் மத்திய ஆட்சிப் பகுதிகளுக்காகக் குழந்தைகள் சட்டம் வந்தது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வயது வரம்பு மாறியது. சில மாநிலங்களில் சட்டமே இல்லை. பத்திரிகையாளர் ஷீலா பார்சே உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, நாடெங்கும் சிறைகளில் அடைபட்டிருந்த குழந்தைகளைப் பற்றிய கணக்கைக் கேட்டது. நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் தேவை என்று 1986இல் நீதிமன்றம் வலியுறுத்தியது. அதே ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்றிருந்த, சிறார் நீதி பற்றிய பெய்ஜிங் விதிகளின் சாயலும் அதில் இருந்தது.

16இலிருந்து 18க்கு

1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்பிள்ளைக்கு 16, பெண்பிள்ளைக்கு 18 வயது வரை பாதுகாப்பு. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் இணைந்தது. அந்த உடன்படிக்கையின் பார்வையில் 18 வயது நிறையாத எவரும் குழந்தை. அதற்கேற்ப 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 என்று வரையறுத்தது.

எந்த நாளின் வயதைக் கணக்கில் கொள்வது என்ற கேள்வி மட்டும் குழப்பத்தில் கிடந்தது. நீதிமன்றத்தில் முன்னிறுத்தப்படும் நாளின் வயதுதான் கணக்கு என்று 2000இல் ஒரு தீர்ப்பு வந்தது. பிடிபடத் தாமதமானால், அல்லது போலீஸ் வேண்டுமென்றே தாமதித்தால், சிறுவன் பெரியவனாகிவிடுவான் என்பதே அதன் விளைவு. 2005இல் பிரதாப் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குற்றம் நடந்த நாளின் வயதே கணக்கு என்று இதைத் திருத்தியது. தான் சிறுவனாக இருந்ததாக எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பின்னரும்கூட, ஒருவர் முறையிடலாம் என்று 2006ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. மேலே சொன்ன இரண்டு விடுதலைகளும் இந்தக் கதவு வழியாக வந்தவைதான். வயதை உயர்த்திய சட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கணக்கிடும் நாளைத் திருத்திய தீர்ப்பைப் பற்றிச் சட்ட வட்டாரத்துக்கு வெளியே பேச்சே எழவில்லை. தூக்குமேடையில் நின்றவர்களைக் காப்பாற்றியது பின்னதுதான்.

இரண்டு டிசம்பர்கள்

2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டு வன்கொடுமை நாட்டையே உலுக்கியது. குற்றம்சாட்டப்பட்ட ஆறு பேரில் ஒருவனுக்கு 18 ஆக இன்னும் சில மாதங்கள் இருந்தன. அன்றைய சட்டப்படி அவனுக்கு விதிக்கக்கூடிய உச்சம் மூன்றாண்டுகள் சிறப்பு இல்லம், அதுவே விதிக்கப்பட்டது. 'நிர்பயா' என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்ட கோபத்தின் ஒரு பகுதி அந்த மூன்றாண்டுகள் மீது திரும்பியது.

அந்தச் சமயத்தில் ஆராய்ந்து பேசியவர்கள் ஏறக்குறைய ஒரே குரலில்தான் பேசினார்கள். 2013 ஜனவரியில் அறிக்கை அளித்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு வயதைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. அதே ஆண்டு சலில் பாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் தலையிட மறுத்தது. 2014 மார்ச்சில் சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கிலும், அன்றைய தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு 18 என்ற வரம்பு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. புதிய மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2015 தொடக்கத்தில் அதன் மையப் பிரிவுகளை எதிர்த்தது.

மசோதா 2015 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் காத்திருந்தது. டிசம்பர் 20 அன்று மூன்றாண்டு முடிந்து அந்த இளைஞன் வெளியே வந்தான். டிசம்பர் 22 அன்று மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15இல் சட்டம் அமலுக்கு வந்தது. ஒரு சட்டத்தின் தலையெழுத்தை ஒரு விடுதலைத் தேதி தீர்மானித்த வேகம் இது. பரிந்துரைகளுக்கு அதில் இடமிருக்கவில்லை.

முன்மதிப்பீடு என்னும் முடிச்சு

2015ஆம் ஆண்டுச் சட்டம் 18 என்ற எண்ணை மாற்றவில்லை. அதற்குள் ஒரு வாசல் திறந்தது. குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுகளாக உள்ள குற்றங்களைக் கொடுங்குற்றங்கள் என்று வகைப்படுத்தியது. அவற்றை 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் செய்ததாகச் சொல்லப்பட்டால், இளைஞர் நீதிக் குழுமம் 15ஆம் பிரிவின்படி ஒரு முன்மதிப்பீடு செய்ய வேண்டும். குற்றத்தைச் செய்யும் உடல், மன ஆற்றல் அவருக்கு இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழலில் அது நடந்தது என்று பார்க்க வேண்டும். தேவையென்று கண்டால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். அங்கே அவர் வயதுவந்தவரைப் போல விசாரிக்கப்படலாம். மரண தண்டனையும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை பாதுகாப்பிடம்; அதன்பின் மறுமதிப்பீடு; தேவையானால் சிறை.

இந்த அமைப்பில் மூன்று சிக்கல்கள் உள்ளன. முதலாவது தர்க்கம் சார்ந்தது. குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு முன்பே, அதை 'எந்தச் சூழலில் செய்தார்' என்று குழுமம் ஆராய்கிறது. இது விசாரணை ஆகாது என்று சட்டம் விளக்கம் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் செய்ததாகக் கொள்ளாமல் சூழலை எப்படி எடைபோடுவது?

இரண்டாவது அறிவியல் சார்ந்தது. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு சிறுவனின் மனம் எப்படி இயங்கியது என்பதைப் பின்னாளில் அளந்து சொல்லும் கருவி எதுவும் உளவியலிடம் இல்லை. நுண்ணறிவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுப்பதும் செயலின் விளைவை உணர்ந்து தன்னைக் கட்டுப்படுத்துவதும் வேறு வேறு. 2017இல் குருகிராமில் ஒரு பள்ளியில் நடந்த கொலை வழக்கில் இந்தச் சிக்கல் அப்பட்டமாக வெளிப்பட்டது. 16 வயது தாண்டிய மாணவன் ஒருவனைப் பெரியவனாக விசாரிப்பதா என்ற கேள்வி குழுமம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய் 2022 ஜூலையில்தான் தீர்ப்பானது. குழும உறுப்பினர்களில் உளவியல் அல்லது மனநல மருத்துவப் பின்னணி உள்ளவர் இல்லாவிட்டால் வல்லுநர் உதவி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு மறுபடி குழுமத்துக்கே திரும்பியது. அதற்குள் அந்த மாணவன் 20 வயதைக் கடந்துவிட்டான். இருபதைக் கடந்தவரை எதிரில் உட்காரவைத்துப் பதினாறு வயது மனத்தை மதிப்பிட வேண்டிய நிலை.

மூன்றாவது காலம் சார்ந்தது. முன்மதிப்பீட்டை மூன்று மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கெடு வழிகாட்டுதலே தவிர, தவறினால் நடவடிக்கை செல்லாது என்று ஆகிவிடாது என 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கெடு தளர்ந்தால் அதன் பாரம் முழுவதும் காத்திருக்கும் பிள்ளை மீதுதான் விழும்.

இந்த வாசலின் அகலம் எவ்வளவு என்பதிலும் தகராறு எழுந்தது. அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டுகளுக்கு மேல் இருந்தும் குறைந்தபட்சம் எதுவும் குறிக்கப்படாத குற்றங்கள் எந்த வகை? டெல்லியில் ஒரு சிறுவன் ஓட்டிய கார் மோதி நேர்ந்த மரணம் தொடர்பான ஷில்பா மித்தல் வழக்கில், அவை கொடுங்குற்றம் ஆகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சட்டத்திலேயே எழுதியது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தபோது இதே கேள்வி திரும்பியது. அவனைப் பெரியவனாக விசாரிக்கக் கோரிய போலீஸ் மனுவைக் குழுமம் 2025 ஜூலையில் நிராகரித்தது.

காதலும் கொடுங்குற்றமும்

15ஆம் பிரிவை ஆதரிப்பவர்களின் மனக்கண்ணில் இருப்பது 2012 டிசம்பரின் பேருந்து. அந்தப் பிரிவின் வரையறைக்குள் விழும் பிள்ளைகள் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிறையாதவரின் சம்மதம் சம்மதமே ஆகாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதன் 4ஆம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுகள். பிளஸ் டூ படிக்கும் 17 வயதுப் பையனும் அதே வயதுப் பெண்ணும் வீட்டை விட்டுப் போய்விட்டால், பெண்ணின் பெற்றோர் புகார் கொடுத்த கணமே அவள் பாதிக்கப்பட்ட குழந்தை. அவன் கொடுங்குற்றம் சாட்டப்பட்டவன். இருவருக்கும் ஒரே வயது. அவனுக்கு மட்டும் முன்மதிப்பீடு, பெரியவனாக விசாரிக்கப்படும் அபாயம். சாதி மாறிய காதலாக இருந்தால் புகாரின் வேகமும் கூடும்.

சென்னை உயர் நீதிமன்றம் இதை ஆரம்பத்திலேயே கவனித்தது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் இணக்கமான உறவை இந்தக் கடுமையிலிருந்து விலக்கும்படி 2019இல் நீதிபதி வி. பார்த்திபன் யோசனை சொன்னார். பதின்வயதினரின் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கம் அல்ல என்று 2021இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கை ரத்து செய்தார். இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யக் கூடாது என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல் துறைத் தலைமை இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். சட்ட ஆணையமோ 2023 செப்டம்பரில் தன் 283ஆவது அறிக்கையில், சம்மத வயதைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வயதினரின் வழக்குகளில் தண்டனையைக் குறைக்கும் வரையறுத்த அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுக்கலாம் என்றது. நீதிபதியின் கருணையும் காவல் துறைச் சுற்றறிக்கையும் சட்டத்துக்கு மாற்று ஆகா. ஒருவர் மாற்றலானால் இரண்டும் போய்விடும்.

முதல் 24 மணி நேரம்

2015ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் சொல்வது இது: சிறுவனைப் பிடித்தால் குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாக இல்லாவிட்டால், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவும் இல்லாவிட்டால், முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதிச் சமூகப் பின்னணி அறிக்கையோடு அனுப்பினால் போதும். குற்றத்தின் கடுமையைக் காரணம் காட்டிப் பிணை மறுக்கவும் முடியாது. கெட்ட சகவாசம், சிறுவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடுதல் ஆகிய மூன்று காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். உலகின் எந்தச் சட்டத்தோடும் ஒப்பிடத் தகுந்த வாசகங்கள் இவை.

நடைமுறை இதிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற பதில்களைக் கொண்டு ஐப்ரோபோனோ அமைப்பு 2024இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2016 முதல் 2021 வரையிலான ஆறு ஆண்டுகளில் குறைந்தது 9,681 சிறார்கள் பெரியவர்களுக்கான சிறைகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள். தவறு பெரும்பாலும் முதல் காகிதத்திலேயே நடந்துவிடுகிறது. ஆவணம் இல்லாத பையனின் வயதை 19, 20 என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் அந்த எண்ணின் மேல்தான் நகரும். பள்ளிச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்பு முதிர்ச்சிச் சோதனை என்று 94ஆம் பிரிவு வரிசை வகுத்திருக்கிறது. ஆனால் நள்ளிரவில் பிடிபட்ட பையனின் பள்ளிக்கூடத்துக்கு யார் போவார்கள்? வீட்டோடு தொடர்பற்று, ஊர் விட்டு ஊர் வந்து செங்கல் சூளையிலோ பனியன் கம்பெனியிலோ வேலை செய்யும் பிள்ளைக்கு இந்த வரிசையால் தானாக ஒரு பயனும் இல்லை.

அடுத்த தடை குழுமம். ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அடங்கியது அது. பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணையை நான்கு மாதங்களில், மிஞ்சினால் ஆறு மாதங்களில், முடிக்க வேண்டும். ஆனால் 2025 நவம்பரில் வெளியான இந்திய நீதி அறிக்கையின் சிறப்பு ஆய்வு, 362 குழுமங்களின் முன் இருந்த ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான வழக்குகளில் 55 விழுக்காடு 2023 அக்டோபர் இறுதியில் முடியாமல் கிடந்ததாகச் சொல்கிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு குழுமத்தில் முழு அமர்வே இல்லை. 2018இல் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் நீதிபதி மதன் லோக்குர் அமர்வு, காலியிடங்களை உடனே நிரப்பவும் உயர் நீதிமன்றங்கள் தாமாகவே வழக்கெடுத்துக் கண்காணிக்கவும் விரிவான உத்தரவு பிறப்பித்திருந்தது. அதற்குப் பிந்தைய நிலைமை இது.

பூட்டிய இல்லங்கள்

கூர்நோக்கு இல்லமும் சிறப்பு இல்லமும் சிறையின் சிறிய வடிவங்களாக இருக்கக் கூடாது என்பதுதான் இந்த முழுச் சட்டத்தின் அடிப்படை. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் நடந்தது அந்த அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கியது. பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் இல்லத்துக்கு அனுப்பப்பட்ட சில நாட்களுக்குள் உயிரிழந்தான். அடித்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அரசு இல்லங்களின் நிர்வாகத்தை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை அளித்தார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஆய்வுக் குழு ஒவ்வொரு இல்லத்துக்கும் போக வேண்டும், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்க வேண்டும் என்று 54ஆம் பிரிவு சொல்கிறது. இல்லத்தின் ஊழியரே பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 75ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டு பிரிவுகளும் ஒழுங்காக இயங்கியிருந்தால் தனியாக ஒரு குழுவுக்கு வேலையே இருந்திருக்காது.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் சிகாகோவில் தொடங்கியது. அதே அமெரிக்காவில் 1990களில் வன்குற்ற அச்சம் மேலோங்கியபோது, சிறார்களைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றும் சட்டங்கள் மாநிலம் மாநிலமாகப் பெருகின. இந்தியா 2015இல் பின்பற்றியது இந்த வழியைத்தான். ஆனால் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007இல் வெளியிட்ட மதிப்பாய்வு, அப்படி மாற்றப்பட்டவர்கள் மீண்டும் வன்குற்றத்தில் இறங்குவது குறையவில்லை, கூடுகிறது என்று கண்டது. 2005இல் சிறார் மரண தண்டனையையும் 2012இல் கட்டாயமாக விதிக்கப்படும் விடுதலையற்ற ஆயுளையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த பாதையில் நாம் புறப்பட்டோம்.

ஜெர்மனியில் 14 வயதுக்குக் கீழ் குற்றப் பொறுப்பே இல்லை. 18 முதல் 20 வயதினரையும், அவர்களின் முதிர்ச்சியைப் பார்த்து, இளையோர் சட்டத்தின்படியே நடத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நியூசிலாந்து 1989இல் இயற்றிய சட்டம், பிள்ளை, குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் ஆகியோர் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் குடும்பக் கூட்டத்தை நடைமுறையின் நடுவில் வைத்தது. இலங்கை 2018இல் குற்றப் பொறுப்பின் குறைந்தபட்ச வயதை 8இலிருந்து 12க்கு உயர்த்தியது. ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2019இல் பரிந்துரைத்தது குறைந்தது 14. இந்தியாவில் 2024 ஜூலையில் புதிய பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. காலனியக் காலச் சட்டத்தைக் களைந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்தச் சட்டத்தில், 1860ஆம் ஆண்டின் 7 வயது அப்படியே இருக்கிறது.

எதிர்த்தரப்பு சொல்வது

பாதிக்கப்பட்டவரின் குரலைத் தள்ளிவிட்டு இந்த விவாதத்தை நடத்த முடியாது. மகளை இழந்த தாயிடம் போய், கொன்றவனுக்கு 18 வயதாக ஆறு மாதம் குறைவு என்பதால் மூன்றாண்டுதான் என்று சொல்வது எளிதல்ல. கூலிப்படைகள் சட்டத்தின் இளக்கத்தைத் தெரிந்தே சிறுவர்களைச் சேர்க்கின்றன என்ற வாதத்திலும் உண்மை உண்டு.

ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் சிறார்கள் மீது பதிவான வழக்குகள் 30,555. முந்தைய ஆண்டு 31,170. நாட்டில் அந்த ஆண்டு பதிவான மொத்த வழக்குகள் 58 லட்சத்துக்கு மேல். சிறார் வழக்குகள் அதில் அரை விழுக்காட்டைச் சுற்றியே நிற்கின்றன. இந்த வழக்குகளிலும் திருட்டு, அடிதடி போன்றவை ஏராளம். கூலிப்படைக்குச் சிறுவர்களைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் 83ஆம் பிரிவு இருக்கிறது. சிறுவனைப் பெரியவனாக விசாரிக்கச் சொல்லும் குரல்கள் இந்தப் பிரிவை நினைவூட்டுவதே இல்லை.

புனே கார் வழக்கில் எழுந்த கோபத்தின் நியாயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். 300 சொல் கட்டுரை எழுதும் நிபந்தனையோடு சில மணி நேரத்தில் கிடைத்த பிணை நாட்டையே கொதிக்க வைத்தது. ஊர் கொதித்ததும் சிறுவன் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டான். பிணையில் இருப்பவனை அப்படி அடைத்தது சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஜூனில் விடுவித்தது. பிணை என்பது சட்டம் ஒவ்வொரு சிறுவனுக்கும் கொடுத்த உரிமை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரே நாளில் கிடைத்ததும், செல்போன் திருடிய பையன் ஜாமீன்தாரர் இல்லாமல் வாரக்கணக்கில் இல்லத்தில் கிடப்பதும்தான் கோபப்பட வேண்டிய ஏற்றத்தாழ்வு. அதைச் சரிசெய்யும் வழி, கிடைத்தவனிடமிருந்து பறிப்பது அல்ல, கிடைக்காதவனுக்குக் கொடுப்பது.

செய்ய வேண்டியவை

இந்தப் பரிசீலனையிலிருந்து எழும் முடிவுகளை வரிசைப்படுத்தலாம். முதலாவதாக, குற்றப் பொறுப்பின் குறைந்தபட்ச வயதை 7இலிருந்து குறைந்தது 12க்கும், படிப்படியாக 14க்கும் உயர்த்த வேண்டும். இரண்டாவதாக, 15ஆம் பிரிவின் மாற்றல் முறையை நீக்க வேண்டும். மிகக் கொடிய குற்றங்களுக்கு மூன்றாண்டு போதாது என்று கருதினால், சிறார் நீதிமுறைக்கு உள்ளேயே நீண்ட காலக் கண்காணிப்பையும் மறுவாழ்வையும் கொண்டுவரலாம். அதற்காகப் பிள்ளையைப் பெரியவர்களின் சட்டத்துக்குத் தள்ள வேண்டியதில்லை. உடனே நீக்க முடியாவிட்டால், உயிர்ப்பறிப்பு போன்ற மிகச் சில குற்றங்களோடு அதைச் சுருக்க வேண்டும். வல்லுநர் அறிக்கையும் மூன்று மாதக் கெடுவும் மீற முடியாதவையாக வேண்டும். மூன்றாவதாக, 16 வயதைக் கடந்த, வயதில் நெருங்கிய இருவரின் இணக்கமான உறவைப் போக்சோவின் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து சட்டமே விலக்க வேண்டும்.

நான்காவதாக, 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பக் கட்டுப்பாடு விதிக்கும் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 6ஆம் பிரிவுக்கு உயிர்கொடுக்க வேண்டும். அதற்கு மாவட்டம் தோறும் போதிய நன்னடத்தை அலுவலர்கள் வேண்டும். ஐந்தாவதாக, 22 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரைக் கைது செய்தாலும், முதல் ரிமாண்டுக்கு முன்பே 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 94ஆம் பிரிவின் வரிசைப்படி வயதுச் சான்றைத் தேடியதற்கான பதிவை நடுவர் கேட்டு வாங்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. உயர் நீதிமன்றத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். ஆறாவதாக, குழுமங்களின் காலியிடங்களையும், கெடு தாண்டிய வழக்குகளின் எண்ணிக்கையையும், இல்லங்களின் ஆய்வு அறிக்கைகளையும் ஒவ்வொரு மாவட்டமும் காலாண்டுதோறும் பொதுவெளியில் வைக்க வேண்டும்.

இந்த ஆறில் மூன்றுக்கு நாடாளுமன்றம் வேண்டும். மற்ற மூன்றையும் தமிழ்நாடு அரசும் சென்னை உயர் நீதிமன்றமும் நினைத்தால் இந்த ஆண்டே தொடங்கலாம். நாட்டிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்குத் தனிச் சட்டம் செய்த மாகாணத்தின் வாரிசுகளுக்கு அந்தக் கடமை கூடுதலாகவே இருக்கிறது. அடுத்த கொடூரக் குற்றச் செய்தி வரும்போது, வயதைக் குறைக்கச் சொல்லும் குரல் மீண்டும் எழும். அப்போது வாசகர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம் மாவட்டத்தின் இளைஞர் நீதிக் குழுமத்தில் இன்று எத்தனை இடம் காலியாக இருக்கிறது?